பியர்க்கடையில் பிறந்த எங்கள் கழகம்

என் முதல் படைப்பு ஒரு திருட்டு. அதுவும் ஜெர்மன் மொழியிலிருந்து. எனக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. கூட்டங்களில் சொந்தக் கற்பனையைப் பற்றி நீட்டி முழக்குகிறவள் இதை ஒளித்து வைப்பது முறையில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பிரெஞ்சுத் தலைநகரில் ஈழத் தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலில், கடைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை செய்த பதினாறு பேர் சேர்ந்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எங்கே கூடினாலும் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர் வருவார்கள். பந்து பிறகுதான் வரும். அப்பா தலைவர். பந்தும் வந்துவிட்டது. மைதானம்தான் இல்லை. பூங்காவில் ஆடினால் காவலாளி விசில் ஊதித் துரத்தினார். மைதானம் இல்லாத கழகத்தைக் கோடைச் சுற்றுப்போட்டியில் சேர்க்கவும் மாட்டார்கள். எனவே நகரசபைக்கு விண்ணப்பம். வீட்டில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும்.

பெயர், முகவரி எல்லாம் சுகமாகப் போயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம்: கழகத்தின் வரலாறு.

"அப்பா, போன மாசம்தானே தொடங்கினது. இதை விடுவமே?"

"விசர்க்கதை கதையாதை. கட்டம் வெறுமையாக் கிடந்தா விண்ணப்பம் திரும்பி வரும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அகதி விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை விட்டதற்காக ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருந்தவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து போன எந்தப் படிவத்திலும் வெள்ளை இடம் இருந்ததில்லை. என் பள்ளிக்கூடப் படிவத்தில் 'நாட்பட்ட நோய்கள்' என்ற இடத்தில்கூடத் தடிமன், தும்மல் என்று எழுதுவித்தவர்.

மாமா கைகொடுத்தார். ஜெர்மனியில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஊர்க் கழகத்தின் ஆண்டுவிழா மலர் ஒன்று அவரிடம் இருந்தது. அதை வாசித்து வாசித்து அவர் தமிழில் சொன்னார். நான் பிரெஞ்சில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பந்தடிப்பது பாவம் என்று பாதிரியார் பந்தைப் பறித்துக் கோயிலுக்குள் பூட்டிவிடுகிறார். சுரங்கத் தொழிலாளர்கள் பியர்க்கடையின் பின்னறையில் கூடி, மேசையில் அடித்துச் சத்தியம் செய்து, கழகம் தொடங்குகிறார்கள். சுரங்கக் கூரையைத் தாங்கிய மரங்கள் கோல் கம்பங்களாகின்றன. பிறகு முதலாம் உலகப் போர் வந்து அணியில் பாதிப் பேரைக் கொண்டுபோகிறது.

"மாமா, இது அவையின்ரை கதை எல்லே?"

"கழகம் எண்டா எல்லாம் ஒண்டுதான். ஊர்ப் பேரை மட்டும் விட்டிடு."

ஊர்ப் பெயரை விட்டேன். போரை விடவில்லை. போர் அணியில் பாதியைக் கொண்டுபோவது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட செய்தி. அதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை மைதானம் எங்களுக்கு! மார்க்ஸ் டோர்மோய் தெருவில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு முழுக்க ஆட்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரூ பெர்தொனே கடைத்தெரு வரை போனார்கள். கடைக்காரர் ஒருவர் லட்டுப் பெட்டியையே கையில் தந்தார். மன்னனைப் பாடி ஊரைப் பரிசாகப் பெற்ற புலவர்களுக்கு அடுத்தபடி, எழுதி நிலம் வென்றவள் நான்தான் என்று நடந்தேன். அந்த நடை இன்னும் முழுதாகப் போகவில்லை.

முதல் ஞாயிறு நகரசபையிலிருந்து நரைத்த தலையுடன் ஒரு பெண் அதிகாரி மைதானக் கதவின் திறப்போடு வந்தார். அப்பா கோட் அணிந்து, தலைவராக அதை வாங்கினார். அன்றைய ஆட்டத்தில் பக்கத்துப் பேட்டைக் கழகத்தை மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம். முடிந்ததும் அந்த அம்மா, வியர்வையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அப்பாவைக் காட்டி என்னிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"மனுசி என்ன சொல்லுறா?" என்றார் அப்பா.

"நீங்கள் நல்ல இளமையா இருக்கிறியளாம்."

அப்பா தலைமயிரைத் தடவிக்கொண்டார். வீடு வரும்வரை நெஞ்சு இறங்கவில்லை.

நான் மொழிபெயர்த்தது பாதிதான். மற்றப் பாதி தேவையில்லை என்று அன்று பட்டது. அந்த அம்மா சொன்னது முழுதாக இது:

"முதலாம் உலகப் போரில் பாதி அணியைப் பறிகொடுத்தவருக்கு, உன் அப்பா நல்ல இளமையாக இருக்கிறார், குழந்தாய்."