குறுக்குக்கோடு விழாத முறை

பாலசமுத்திரத்துக்குக் கீழே எங்கள் வாய்க்காலுக்கு உடையப்பன்தான் நீர்பாய்ச்சி. குளத்துத் தண்ணீரை வயல் வயலாக முறை வைத்துத் திறந்துவிடுவது அவர் வேலை. சிரிக்காத மனிதர். அவரைச் சிரிக்க வைப்பதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

மடையை ஒட்டிக் கருப்பணசாமி கோயில். அதன் வெள்ளைச் சுவரில், மழை படாத இடமாகப் பார்த்து, கரிக்கட்டியால் கோடு போடுவார். ஒரு வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையை வெட்டித் திறப்பதற்கு முன்னால் நெட்டுக்கோடு ஒன்று. வயல் நிரம்பி வாய்மடையை அடைத்த பிறகு அதன்மேல் குறுக்குக்கோடு. கோடு போடாமல் மண்வெட்டியைத் தொட மாட்டார். நடுவில் கரை உடைந்தாலும் சுவரைப் பார்த்தால் எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும். குறுக்குக்கோடு விழுந்தால் முறை முடிந்தது. அப்புறம் தண்ணீர் நண்டு வளையில் போனாலும் அது வயல்காரன் பாடு. விழாவிட்டால் அந்த முறை நடக்கவே இல்லை, மறுபடி முதலிலிருந்து. இன்றைக்கு வங்கிக் கணினியும் இதையேதான் செய்கிறதாம். மாற்றத்தை முதலில் குறித்துக்கொள்ளும், முடிந்ததென்ற குறி விழாததை நடக்காததாகத் தள்ளிவிடும். எங்களுக்குக் கரிக்கட்டி போதுமானதாக இருந்தது. வாய்க்கால் தகராறில் மண்டை உடைவதும் குறைந்தது.

அறுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். நெல் பால் பிடிக்கிற நேரம், குளத்தில் தண்ணீரைவிடச் சேறு அதிகம். அன்றைக்குக் கண்ணுசாமி முறை. அடுத்தது மாயம்மாள். உடையப்பனின் தங்கை அவள், புருஷனை இழந்தவள். அந்தத் துண்டு வயலை விட்டால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

கண்ணுசாமி பழனிச் சந்தைக்குப் போயிருந்தார். அவர் வயல் நிரம்பியதும் உடையப்பன் வாய்மடையை அடைத்தார். அடைத்த கையோடு சுவருக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் விடிந்ததிலிருந்து வரப்பில் காத்துக் கிடந்த தங்கையிடம், அடுத்தது உனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று அந்தப் பக்கம் நடந்தார். அந்த மனிதர் யாருக்கும் சலுகை காட்டி நான் பார்த்தது அது ஒன்றுதான். அந்தச் செத்த நேரத்தில் வாய்க்கால் கரையும் கண்ணுசாமியின் வரப்பும் சேர்ந்து சரிந்தன. வயலில் நிரம்பியதும் வாய்க்காலில் வந்ததும் ஓடையோடு போயிற்று. ஊர் கூடி அடைத்து முடித்தபோது, குளத்தில் ஒரு வயலுக்குத்தான் தண்ணீர் மிச்சம்.

சந்தையிலிருந்து திரும்பிய கண்ணுசாமி சுவரைக் காட்டினார். தன் கோட்டில் குறுக்குக்கோடு இல்லை, தனக்குத் திரும்ப முறை வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, வயல் நிரம்பியது அவருக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர்கள் உடையப்பனைப் பார்த்தார்கள். கண்ணால் கண்டதைச் சொன்னால் நம்புகிறோம் என்றார்கள். ஒருவர் கரிக்கட்டியையே எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

உடையப்பன் தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"வயல் நெறஞ்சதுங்க. ஆனா கோடு விழலீங்க. கண்ணுசாமி வயலுக்கே தொறக்கறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கூடப்பிறந்தவள் வயிற்றில் மண்ணைப் போட்டுவிட்டு என்ன பெரிய சுவர் என்று முகத்துக்கு நேரேயே கேட்டேன். இன்றைக்கு என் வாய்ச்சொல்லை நம்பினால் நாளைக்கு எவன் வாய்ச்சொல்லை மறுப்பீர்கள் என்றார். எனக்கு அது சமாதானமாக இல்லை.

மாயம்மாள் வயல் காய்ந்து பதரானது. அண்ணனோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

அறுவடை முடிந்ததும் வயலுக்கு ஒரு கட்டுக் கதிர் நீர்பாய்ச்சிக்குக் கூலி. களத்தில் எல்லாரும் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மாயம்மாளும் தலையில் ஒரு கட்டோடு வந்தாள். முழுக்கப் பதர். அண்ணனை அவமானப்படுத்த வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். மற்றக் கட்டுகளோடு சேர்த்து அதை இறக்கி வைத்தாள்.

"என் வயலுக்கும் நீங்கதான நீர்பாய்ச்சி, அண்ணே. கூலிய எடுத்துக்குங்க."

அதில் ஒரு மணி நெல் இல்லை. உடையப்பன் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார்.