பொகவந்தலாவைக்கு வந்து சேர்ந்த இத்தாலியத் தூண்

வீட்டு முகப்புக்குத் தூண் வைத்தே தீருவேன் என்று என் தம்பி ரவி ஒற்றைக் காலில் நின்றதால்தான் இந்தப் பயணம். போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கும் அங்கிருந்து நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கும் போய்வந்தேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துக் கட்டடக் கலையைப் பார்க்க இத்தாலிக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பக்கம் வந்தால் விசா வேண்டாம். குடை மட்டும் கட்டாயம்.

ரவி பொகவந்தலாவையில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வசந்தா கேட்டது வீட்டுக்குள்ளேயே ஒரு குளியலறை. ரவி கேட்டது வாசலில் தூண். எங்கள் அப்பா நானுஓயாப் பக்கத்தில் பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். பிள்ளைகள் நாங்கள் பங்களாவின் பின்பக்கத்துச் சமையல்கட்டு, அதாவது குசினி வாசலைத் தாண்டக் கூடாது. முன் வராந்தாவில் இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே துரை உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதை, ரவி ரோஜாச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பார்ப்பான். இப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்படி இரண்டு தூணுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். 

வசந்தா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், காசின் அருமை தெரிந்தவள். அவள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "வைக்கிறதுன்னா பங்களாவுல இருக்குற மாதிரியே அச்சா வைங்க. கோணல்மாணலா வந்துச்சுன்னா பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே சம்மட்டி எடுத்து ஒடைச்சுப்புடுவேன்." வசந்தா சொன்னால் செய்கிறவள். இரண்டு வருடத்துக்கு முன்பு ரவி கட்டிய கோழிக்கூட்டுக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும்.

இதில் நான் ஏன் வந்தேன்? நான் ஹட்டனில் சரித்திரம் படிப்பிக்கிற டீச்சர். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மறுமலர்ச்சி சொல்லிக்கொடுக்கிறேன், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தூணின் உயரம் ஒன்பதடி என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பருமன் எவ்வளவு என்று மேசன் சுனில் பாஸ் கேட்டார், கொத்தனாரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். கினிகத்தேனைக்காரர், சிங்களவர், என்னை விட நன்றாகத் தமிழில் பகிடி விடுவார். பங்களாத் தூணை நானே போய் அளந்து வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பால் காய்ச்சுவதற்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

சனி காலை ஆறேகாலுக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். கட்டணம் அன்று இருநூற்று முப்பது ரூபாய். இடது பக்க ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள், அருவிகள் தெரியும். பனி இறங்கியிருந்தால் பக்கத்தில் இருப்பவரின் பார்சல் மட்டும்தான் தெரியும், எனக்கு அதுதான் வாய்த்தது. எட்டரைக்கு நுவரெலியாவில் இறங்கினேன். இறங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் குடையும் அதற்குள் சொருகியிருந்த அளவு டேப்பும் பஸ்ஸோடு போய்விட்டது தெரிந்தது.

முதலில் ஊருக்குள் ஒரு சுற்றுப் பார்ப்போம் என்று ஆட்டோ பிடித்தேன். நுவரெலியாவில் மறுமலர்ச்சித் தூணைத் தேடுவது மீன்கடையில் பூ வாங்கப் போவது போலத்தான். செங்கல் தபால் கந்தோரைப் பாருங்கள், செங்குத்தான கூரை, கூர்ங்கோபுரம். பழைய பங்களாக்களில் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள். இத்தாலியில் தூண்கள் எழும்பி நின்ற காலத்தில் இங்கிலாந்தில் இன்னும் இப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் ஊர் ஏக்கத்தில் இங்கே கட்டினது அந்தப் பழைய சங்கதியைத்தான். தூண் எங்கே என்று கேட்டதற்கு ஆட்டோக்காரர் முதலில் கோயிலுக்கும், பிறகு ஒரு மண்டபத்துக்கும் கொண்டுபோனார். மண்டபத் தூணில் தங்கப் பெயின்ட் அடித்துக் காகிதப் பூச் சுற்றியிருந்தது. வசந்தா பயந்தது இதற்குத்தான். ஒன்றரை மணி நேரம் சுற்றினதற்கு ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு, நீங்கள் வீடு உடைக்கிற கொந்தராத்துக்காரரா என்று கேட்டார்.

நானுஓயாவுக்குப் பஸ் வரும் வரைக்கும் உங்களுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். வேண்டாதவர்கள் அடுத்த பந்திக்குப் போகலாம், என் மாணவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அறுநூறு வருடத்துக்கு முன்பு ஃப்ளோரன்ஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் ரோமாபுரிக்குப் போய் இடிந்த கட்டடங்களைத் தோண்டித் தோண்டி அளந்தார். ஊர்க்காரர்கள் புதையல் தேடுகிறான் என்று பேசிக்கொண்டார்களாம். அவர் திரும்பி வந்து ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு மாபெரும் குவிமாடம் எழுப்பினார். அதிலிருந்து தூண், வளைவு, அளவு என்று எல்லாருக்கும் பித்துப் பிடித்தது. பிறகு வட இத்தாலியில் ஒரு கல்தச்சர், கோயிலுக்கு வைக்கிற தூண் முகப்பைப் பண்ணை முதலாளிமாரின் வீட்டுக்கு வைத்தார், அளவெல்லாம் படம் போட்டுப் புத்தகமும் அச்சிட்டார். பித்தும் புத்தகமும் நாடு நாடாகப் பரவியது. பிரான்சில் ராஜா இத்தாலியக் கைவினைக்காரர்களை வரவழைத்தார், ஆனால் தங்கள் ஊர்ச் செங்குத்துக் கூரையை விடவில்லை. ஒல்லாந்தில் செங்கல் முகட்டுச் சுவரில் தூணை ஒட்டவைத்தார்கள். இங்கிலாந்துக்காரர் ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இத்தாலியைச் சுற்றிவந்தார். கடைசியில் அது கப்பலேறித் தேயிலைத் துரையின் வராந்தாவுக்கு வந்தது.

இதில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு, கரும்பலகையில் கோடு போட்டு எழுதுவேன். தூணின் அடிப்பாகத்து விட்டம், அதாவது குறுக்களவுதான் எல்லாவற்றுக்கும் அளவுகோல். உயரம் அதைப் போல ஏழு மடங்கென்றால் டஸ்கன் வகை, மற்ற வகைகளுக்கு இன்னும் கூட. குறுக்களவு பிழைத்தால் எல்லாமே பிழை. இதைச் சொன்னவள் நான்தான் என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், பிரதான ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்குமிடம். வாச்சர் முத்தையா அண்ணன் அப்பாவோடு வேலை செய்தவர், முப்பது வருடமாக அந்தத் தூண்களைத் துடைக்கிறவர். முன் வாசலால் வரச் சொன்னார். எனக்கு அப்போதும் கால் குசினிப் பக்கம்தான் திரும்பியது.

டேப் இல்லை என்றதும் அவர் வீட்டிலிருந்து கொழுந்துக் கூடைக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் விறகு மரத்தை எப்படி அளப்போம்? கயிற்றைச் சுற்றிப் போட்டு முடிச்சுப் போடுவோம். நானும் தூணைக் கட்டிப்பிடித்து, கயிற்றைச் சுற்றி, நுனி வந்து சேர்ந்த இடத்தில் கயிற்றில் அடையாளத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். வராந்தாவில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் இது ஏதோ எங்கள் ஊர் வழிபாடு என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். முத்தையா அண்ணன் மெதுவாகக் காதருகே வந்து, "ஏம்மா, இதுக்குள்ள பொதையல் ஏதும் இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார். அறுநூறு வருடமாக ஜனங்கள் மாறவில்லை என்று எனக்கு மகா சந்தோஷம். பால் காய்ச்ச வரச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நாலரைக்கு ஹட்டன். ஐந்து பத்துக்குப் புறப்பட்ட பொகவந்தலாவைப் பஸ் கண்டக்டரிடம் கயிற்றைக் கொடுத்தனுப்பினேன். எங்கள் பக்கத்தில் மருந்து, மீன், சாதகக் குறிப்பு எல்லாமே கண்டக்டர் கையில்தான் போகும். இருபத்தேழு கிலோமீட்டர் மலைப்பாதை, கட்டணம் ஒரு நன்றி. ரவிக்குப் போன் பண்ணி, நுனியிலிருந்து முடிச்சு வரைக்கும்தான் தூண் என்று பாஸிடம் சொல் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சுனில் பாஸ் விறகு மரம் அளந்தவர் இல்லை. அத்திவாரத்துக்குக் கயிற்றை நேராக இழுத்துப் பிடித்து அளக்கிறவர். அவருக்குக் கயிறு என்றால் நேர்கோடு.

நடுவில் ரவி ஒருமுறை, தூண் நல்லாத் தடியா வருது அக்கா என்றான். தடியாக இருந்தால்தான் அது டஸ்கன், நீ பேசாமல் இரு என்று வாயை அடைத்துவிட்டேன். முகப்புக்கு நாலு தூண் என்று போட்ட திட்டம் சீமெந்து போதாமல் இரண்டாகக் குறைந்தது, உள்ளே கருங்கல் போட்டு நிரப்பினார்கள் என்றும் சொன்னான். மழைக்காக நீலத் தார்ப்பாய் சுற்றிக் கட்டியிருந்ததால் யாருக்கும் உருவம் தெரியவில்லை. பலகையும் சாக்கும் சேர்ந்து அப்படிப் பெரிதாகத் தெரிகிறது என்று வசந்தாவும் நினைத்திருக்கிறாள்.

பால் காய்ச்சுவதற்கு முதல்நாள், வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு, முத்தையா அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். என் முன்னால்தான் தார்ப்பாயை அவிழ்க்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவிழ்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள், இது யானையாய் முடிந்திருந்தது. ஒன்பதடி உயரம், குறுக்கே நாற்பத்துநாலு அங்குலம். பங்களாத் தூண் பதினாலு அங்குலம்தான். இரண்டு தூணுக்கும் நடுவே இருபத்தெட்டு அங்குல இடுக்கு, அதற்குப் பின்னால் பாவம் போல வாசல்கதவு.

 சுனில் பாஸ் சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்துத் தூணுக்குக் குறுக்கே பிடித்துக் காட்டினார். நூலிழை பிசகவில்லை. "டீச்சர் அனுப்பின அளவு" என்றார். நான் அந்தக் கயிற்றை வாங்கி வட்டமாகப் பிடித்துக் காட்டினேன். பதினெட்டு வருடப் பாடம் என் கையில் வளையமாகத் தொங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ரவி தூணைப் பார்த்தபடி அழுகிற மாதிரி நின்றான். வசந்தா சம்மட்டி எடுக்கப் போய்விட்டாள்.

நான் குறுக்கே விழுந்து, பிழை என்னுடையது, காசு நான் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டாள். சம்மட்டி தெறித்துப் பின்னால் போய் விழுந்தது. அவள் கை அதிர்ந்து தோள் வரைக்கும் ஆடியது. தூணில் நகக்கண் அளவு ஒரு பொத்தல், அவ்வளவுதான்.

அப்போதுதான் முத்தையா அண்ணன் கிட்டே வந்து, விரல் கணுவால் தூணைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "பங்களாவுல இருக்குறது பலகைம்மா. மேல சுண்ணாம்பு பூசிருக்கு. உள்ள வெறும் பொந்து, எலி குடும்பம் நடத்துது. முப்பது வருசமா எனக்குத் தெரியும், யாரும் கேக்கல. இது கல்லு."

 வசந்தா தூணில் தானும் ஒரு தட்டுத் தட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ரவி சிரித்தான், சுனில் பாஸ் சிரித்தார், நான் கடைசியாகச் சிரித்தேன்.

வெள்ளி காலை ஐந்தேமுக்காலுக்கு நல்ல நேரம். புருசனும் பெண்சாதியும் ஜோடியாக வலது காலை எடுத்து வைத்து உள்ளே போவது வழக்கம். இருபத்தெட்டு அங்குலத்தில் இரண்டு பேர் ஜோடியாக எப்படிப் போவது? பக்கவாட்டில் திரும்பி, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி, பால் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். கூட்டம் விசிலடித்தது. சடங்குக்குக் கொண்டுவந்த பசுமாடு ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசினி வாசலால் போனது.

பால் பொங்கின பிறகு ரவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தூண்களுக்கு நடுவில் போட்டான். அளவெடுத்தது போல ஒரே ஒரு நாற்காலி பிடித்தது. அதில் ஆள் உட்கார்ந்தால் முன்வாசல் அடைபடும், அந்த வழியால் யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வர முடியாது. வசந்தாவே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குசினி வாசல் திறந்திருந்தும் உள்ளே இருந்த பதினாறு பேரும் அவன் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்கள். அவன் அவசரப்படவில்லை. குடித்து முடித்ததும் எழுந்து, முத்தையா அண்ணனின் கையைப் பிடித்து அங்கே உட்கார வைத்தான். அவர் தூணைத் துடைத்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதியில் நிறுத்தி, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். முப்பது வருடம் தேத்தண்ணிக்குக் குறை சொல்ல முடியாமல் இருந்த மனுசன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் தலைவைக்காதீர்கள். குடையைப் பஸ்ஸில் விடாதீர்கள். தூணைக் குறுக்கே அளந்து பாருங்கள், சுற்றி அளந்தால் சுற்றி அளந்தேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். இத்தாலியைக் கண்ணால் காணாத கொத்தனார்கள் புத்தகத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு கட்டினதையெல்லாம் நாம் இன்று அந்தந்த நாட்டுப் பாணி என்று மரியாதையாகப் படிக்கிறோம். ஆகவே என் வகுப்பில் டஸ்கனுக்கு அடுத்தபடியாகப் பொகவந்தலாவை வகையையும் சேர்த்துவிட்டேன். உயரம், குறுக்களவைப் போல இரண்டரை மடங்கு.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் இறங்கி யானைக்கால் தூண் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நீங்களும் உட்காரலாம், தேத்தண்ணி தருவார்கள். ஆனால் காலை ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் போகாதீர்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்த அரை மணி நேரம் அந்த நாற்காலி வசந்தாவுடையது. அந்த நேரத்தில் ரவியே குசினி வாசலால்தான் வெளியே வருகிறான்.