கையில குடுத்தா எவ்ளோ?

பட்டம்மாள் வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கூட வந்த ரஹீமுன்னிசா மெஷின் பக்கமே திரும்பவில்லை. கடையில் வேலை பார்க்கும் பாரி, "மாசம் ஆயிரத்தைந்நூறு, பன்னெண்டு மாசம், ஜீரோ வட்டி" என்று ஆரம்பித்ததும் ரஹீமுன்னிசா கையமர்த்தினார்.

"அத்த வுடு நைனா. மொத்தமா கையில குடுத்தா எவ்ளோ?"

பாரி மேலாளர் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பதினாறாயிரத்தைந்நூறு. தவணைன்னா ஃபைல் சார்ஜ் ஐந்நூறு தனி."

தண்டையார்பேட்டையில் நைட்டி தைத்துக் கொடுப்பவர் ரஹீமுன்னிசா. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். கட்டைவிரலால் அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் கணக்குப் போடுவார். வட்டி என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்; மார்க்கத்தில் விலக்கியது பேச்சிலும் வேண்டாமாம். அவருக்கு அது 'குட்டி'.

"ரெண்டாயிரம் குட்டி" என்றார் பட்டம்மாளிடம்.

"வருசத்துக்கு ரெண்டாயிரந்தானக்கா? போவுது."

"இன்னா போவுது? ஐந்நூற இங்கயே புடுங்கிக்கிறான், கடன் பதினாறாயிரம். அத்த வருசம் பூரா நீயா வெச்சுக்கினு கீற? மாசாமாசம் திருப்பிக் குடுத்துக்கினே வர. சராசரியா பாத்தா பாதிதான் உங்கிட்ட நிக்கிது. எட்டாயிரத்துக்கு ரெண்டாயிரம்! மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபா ஆவுதுடி. இத்துக்கு அடகுக்கடையே தேவல."

"யம்மா, நீங்க வந்தாலே எனக்கு பேஜாரு" என்று சிரித்தபடி பாரி நாற்காலியை இழுத்துப் போட்டான். சாலையில் கண்டெய்னர் லாரி போனபோது கடையின் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

பட்டம்மாள் சீட்டு எடுக்கும்வரை பொறுத்திருந்து, கைக்காசுக்கே மெஷினை வாங்கினாள். அதன்பிறகு தெருவில் குக்கர் வாங்குவதென்றால்கூட ரஹீமுன்னிசாவை அழைத்துப் போனார்கள். கூலி, சர்க்கரை போடாத ஒரு டீ. "எங்க வூட்ல குட்டி போட்ட சாமான் ஒண்ணு கெடையாது" என்பார். சொல்லும்போது மட்டும் தையல் மெஷினின் சக்கரத்தை நிறுத்திக்கொள்வார்.

மே மாத வெயிலில் அவர் வீட்டு ஃப்ரிஜ் நின்றுபோனது. கணவர் சௌக்கத் அலியின் இன்சுலின் குப்பிகள் பட்டம்மாள் வீட்டு ஃப்ரிஜ்ஜுக்கு, இட்லி மாவுக்குப் பக்கத்தில் குடிபோயின. சீட்டு எடுக்க ரஹீமுன்னிசாவுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குள் ஒருநாள் மீஞ்சூரிலிருக்கும் மகளைப் பார்க்கப் போன பட்டம்மாள் சாயங்காலம் திரும்பவில்லை. ஊசி போடும் நேரத்தில் சௌக்கத் அலி பட்டம்மாள் வீட்டுப் பூட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "இன்னா இப்போ? ஒரு வேள போடலன்னா செத்தா பூடுவேன்?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தவரின் கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் ரஹீமுன்னிசா தனியாக வந்து நின்றார். சின்ன ஃப்ரிஜ் ஒன்றின் கதவைத் திறந்து, உள்தட்டில் குப்பி நிற்குமா என்று விரலால் அளந்தார்.

பாரி பின்னாலேயே வந்தான். "ஜீரோ வட்டிதாம்மா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தான்.

"ஜீரோதானே நைனா?"

"ஜீரோதாம்மா."

"நீ சொல்ற, இல்ல?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று பாரிக்கே பொறுக்கவில்லை. மேலாளர் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யம்மா, மொத்தமா கையில குடுத்தா..."

ரஹீமுன்னிசா முக்காட்டை இழுத்து, அவன் பக்கமிருந்த காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார். மறு கை ஆதார் அட்டையை மேசைமேல் தள்ளியது.