சந்தியில் தொங்கிய ஒன்பது ஏ

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்களை அவற்றின் பெயரால் யாரும் பேசுவதில்லை. ஒன்று கிரிக்கெட்டுக்கு, ஒன்று பாண்ட் வாத்தியத்துக்கு, இன்னொன்று மதிலேறிப் பாய்கிற பெடியங்களுக்கு. என் மகள் படிப்பது ஒன்பது ஏ பள்ளிக்கூடம். சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும், ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களைப் போட்டு வாசல் மதிலில் பெரிய பனர் கட்டுவார்கள். எட்டு ஏ எடுத்த பிள்ளையை அந்த மதிலுக்குத் தெரியாது.

மகளுக்கு எட்டு ஏ, ஒரு பி. பி வந்தது சங்கீதத்துக்கு. நாங்களோ அளவெட்டிக்காரர், நாதஸ்வரச் சத்தத்தில் கண்விழிக்கிற ஊர். கணிதத்தில் பி வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுவதும் நான் அவளுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பின்னேரம் கனடாவிலிருந்து என் அண்ணை போன் எடுத்தார். எல்லாம் ஏ தானே என்று கேட்டார். அவருடைய பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் நான். ஓம் அண்ணை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

மறுநாள் பார்த்தால், எங்கள் சந்தியில் மின்கம்பத்துக்கும் பூவரச மரத்துக்கும் நடுவில் ஒரு பனர் தொங்குகிறது! ரவுண் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருக்கும் கூட்டாளியைப் பிடித்து அண்ணைதான் கட்டுவித்திருக்கிறார். ஒன்பது ஏ பெற்று ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்வத்துக்கு வாழ்த்துகளாம். மூலையில் சீருடையோடு மகள். நடுவில் கோட்டும் சூட்டுமாக அவளுடைய கனடா மாமா, பிள்ளையை விடப் பெரிதாக.

உடனே அவிழ்த்திருக்கலாம். அதற்குள் சந்திக் கடைக்காரர் கூப்பிட்டு வாழ்த்தினார். பாண் வாங்க வந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது.

மத்தியானம் மகள் சைக்கிளில் சந்திவரை போய், பனரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கூடப் படிக்கிற எல்லோருக்கும் அவளுடைய முடிவு தெரியும். திங்கட்கிழமை அவர்களோடு அந்தப் பனருக்குக் கீழால்தான் வகுப்புக்குப் போகவேண்டும். அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எட்டு ஏ போதாதோ?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். நான் கயிற்றை இழுத்து அறுப்பதைப் பார்த்த கடைக்காரர், காற்றுக்குக் கழன்றுவிட்டதோ என்று கேட்டார். நல்ல மனிதர், தப்புவதற்கு வழி விட்டார். ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடைக்காரர் பக்கம் திரும்பினேன்.

"இல்லை அண்ணை. பிள்ளைக்கு எட்டு ஏ. ஒன்பதெண்டு பொய் சொன்னது நான்."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. மகள் பனரின் மறு நுனியைப் பிடித்து, சேலை மடிப்பது போல என்னோடு சேர்ந்து மடித்தாள்.

"மாமாட்டை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

நானே சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நான் போனை எடுத்து அண்ணையின் இலக்கத்தை அழுத்தும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.