பூந்தமல்லிப் பள்ளிவாசலும் பதினெட்டு பாகையும்

இந்தப் பதிவில் வருவன:

1. 1994 பிப்ரவரியில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு ஏன் போனோம், எப்படிப் போனோம்.
2. திசை அறியும் கணக்கை இடைக்கால இஸ்லாமிய உலகம் எந்த அளவுக்கு வளர்த்தது.
3. அந்தக் கணக்கு நம் பக்கத்துக்கு வந்து சேரவேயில்லை என்பது.
4. போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

பயணம் முடிந்த வாரத்தில் என் மனதில் இருந்த வரிசை இது. எதையும் வரிசை போடாமல் எனக்குத் தொடங்க வராது. போட்ட வரிசை சரிதானா என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். காதர் சார் என்னுடன் ஒரே பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் நடத்தியவர். அயனம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம், எங்கள் குடியிருப்பில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய தொழுகைக்கூடம் கட்ட முடிவு செய்தார்கள். தொழுபவர்கள் மக்காவை நோக்கி நிற்க வேண்டும். அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர். நம் ஊரில் கிப்லா என்றால் மேற்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காதர் சார் மட்டும் இல்லை என்றார். மேற்கிலிருந்து வடக்கே பதினெட்டு பாகை சாய்த்துக் கட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

குழுவின் செயலாளர் யூசுப் பாய் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. மனையே சிறியது, சாய்த்துக் கட்டினால் இரண்டு மூலைகள் வீணாகும் என்றார். மார்க்கம் படித்த அசரத்தைக் கேட்டதற்கு, பொதுவாக மேற்கு நோக்கினாலே தொழுகை கூடும், குறையில்லை என்று சொல்லிவிட்டார். பேச்சு முற்றிய ஒரு கூட்டத்தில் யூசுப் பாய் ஒரு வழி சொன்னார்.

"பூந்தமல்லில நவாப் காலத்துக்கு முந்தின பள்ளிவாசல் ஒண்ணு கீதாம். பெரியவங்க கட்னது. அது எப்டி நிக்கிதோ அப்டியே நாமளும் கட்டுவோம். இன்னா சொல்றீங்க, டிகிரி பாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். காதர் சார் சிரிக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குழுவில் இருந்த எல்லோரும் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள், அவர் உட்பட. அந்தப் பள்ளியில் ஒருவரும் தொழுததில்லை. அளந்து சொல்ல இரு பக்கமும் சேராத ஆள் வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கிறிஸ்தவன், சண்டைக்குப் போகாதவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. மறுக்கவும் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 7.50க்கு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். ஆவடிக்குக் கால்மணி நேரம், இரண்டு ரூபாய். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். பேருந்துக்கு அரைமணிக்கு மேல் காத்திருந்தோம். பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்வரை நின்றுகொண்டே போய், பிறகு உட்கார இடம் கிடைத்தது.

காதர் சார் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார். அதில் இரண்டு குண்டூசிகள் குத்தியிருந்தன. ஒன்று மெட்ராஸ், மற்றது மக்கா.

"தட்டையான மேப்புல அளந்தா பன்னெண்டு டிகிரிதான் சார் வரும். உருண்டையில நூல் பிடிச்சுப் பாருங்க, பதினெட்டு."

இதை வகுப்பில் நானும் வேறு விதமாக நடத்தியிருக்கிறேன். ஸ்பெயினிலிருந்து சீன எல்லை வரை பரவிய ஒரு மார்க்கம், எந்த ஊரில் நின்றாலும் ஒரே ஊரை நோக்கச் சொன்னது. அதற்காகக் கோளத்தின் மேல் கணக்குப் போட வேண்டியிருந்தது. நம் நாட்டிலிருந்து போன சைன் கணக்கைப் பாக்தாதில் எடுத்து வளர்த்தார்கள். ஊர் ஊராகக் கிப்லா அட்டவணை போட்டார்கள். பெரிய பள்ளிவாசல்களில் நேரமும் திசையும் கணிக்கவே வானியல் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஐரோப்பா இந்தக் கணக்கில் பெரும்பகுதியை அரபு நூல்கள் வழியாகத்தான் கற்றது. பிற்காலக் கடல் பயணங்களுக்கு அடியில் இதுவும் இருக்கிறது. மாணவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான்.

"நம்ம கணக்கு பாக்தாத் போயி, ஸ்பெயின் போயி, லண்டன் வரைக்கும் போச்சு," என்றார் காதர் சார். "பூந்தமல்லிக்கு வந்திருக்காதா சார்?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பூந்தமல்லிக்கி இந்த பஸ்ஸே ஒயுங்கா வர்றதில்ல நைனா," என்றார். அன்று காதர் சார் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கரையான்சாவடி தாண்டி இறங்கி விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மட்டும் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவர், என் கையிலிருந்த காந்த ஊசிப் பெட்டியையும் அளவு நாடாவையும் பார்த்தார்.

"இன்னா சார், செவுத்துக்கு ஜோசியம் பாக்க வந்தீங்களா?"

காதர் சார் சலாம் சொல்லி, சுவரை அளந்துகொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக அளக்கச் சொல்லிவிட்டு அவர் பெருக்கப் போனார். வேறு எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

கூடத்தின் குறுக்கு அகலம் முப்பதடி. தரை வெறுமையாக இருந்தது, பாய்கள் மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மேற்குச் சுவரை மூன்று இடங்களில் அளந்தேன். இரும்புச் சன்னல் ஊசியை இழுக்கும், தள்ளி வையுங்கள் என்றார் காதர் சார். தள்ளி வைத்தும் அளந்தேன். சுவர் நேர் மேற்கு. வெளியே வந்து ஒருமுறை, உள்ளே போய் ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நேர் மேற்குதான்.

இரண்டு பக்கச் சுவர்களிலும் இடுப்புக்குக் கீழே வரிசையாக ஆணிகள் இருந்தன. பண்டிகைக்குச் சீரியல் பல்பு கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தெற்குச் சுவரில் ஆணிகள் முன்னாலிருந்தே தொடங்கின. வடக்குச் சுவரில் முதல் பத்தடிக்கு ஆணியே இல்லை. விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காதர் சார் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மார்க்கத்தைப் பற்றி நான் என்ன ஆறுதல் சொல்வது? முன்னூறு ஆண்டுப் பழைய சுவர் ஒன்று அவர் வாழ்நாள் நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டது, அதை வாசித்துச் சொன்னவன் நான். இத்தனைக்கும் எனக்கே அந்தக் கணக்கின் மேல் பக்தி உண்டு. இவ்வளவு பெரிய அறிவு பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, பிறந்த மண்ணுக்குத் திரும்பும் வழியில் எங்கோ செத்துப்போயிற்று என்று அங்கே நின்றபடி நினைத்தேன்.

பதினொன்றேகாலுக்கு எழுந்தார். மோதினார் வாசல் வரை வந்து நண்பகல் தொழுகைக்கு அழைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா லுஹர் தொய்துட்டுப் போலாமே பாய்."

"வீட்ல தொழுதுக்கிறேன்."

திரும்பும்போது பேருந்துக்கு நிற்க அவருக்குத் தெம்பில்லை. நாற்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். அயனம்பாக்கம் ஏரி தெரிந்ததும் காதர் சார் ஆரஞ்சிலிருந்து ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, பழத்தை உரித்து ஆட்டோக்காரருக்கும் எனக்கும் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

"இன்னா பாய், புளிக்குதா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்கு சுகர்ப்பா."

அன்று மாலை குழுவிடம் நேர் மேற்கு என்று சொன்னேன். கூடம் அப்படியே எழும்பியது. யூசுப் பாய் வெளிப்படையாகக் கொண்டாடவில்லை, ஆனால் டிகிரி பாய் என்ற பெயர் தெருப் பிள்ளைகள் வரை நிலைத்துவிட்டது. காதர் சார் குழுவிலிருந்து விலகி வீட்டிலேயே, தன் கணக்குப்படி சற்றே சாய்வாகப் பாயை விரித்துத் தனியே தொழுதார். கூட்டாகத் தொழுவதில் எவ்வளவு விருப்பம் உள்ளவர் என்று எனக்குத் தெரியும். 1996இல் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து முகத்தை நேர் மேற்கே திருப்பினார்கள். பின்வரிசையில் நின்ற எனக்கு வாய் திறக்க உரிமையும் இல்லை, துணிவும் இல்லை.

1998இல் ஒரு திருமணத்துக்காகப் பூந்தமல்லி போனவன், சாப்பாட்டுக்கு நேரமிருந்ததால் அந்தப் பள்ளிவாசல் பக்கம் நடந்தேன். மணி பன்னிரண்டு இருக்கும். அதே மோதினார் வெள்ளைக் கயிறு ஒன்றைத் தெற்குச் சுவரின் முதல் ஆணியில் கட்டி, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, பத்தடி பின்தங்கியிருந்த வடக்குச் சுவரின் முதல் ஆணியில் முடிந்தார். அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு கயிற்றையொட்டிப் பாய்களை விரித்து, கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினார். சுவர் மேற்கே பார்க்க, பாய்கள் வடக்கே சாய்ந்து கிடந்தன. முப்பதடிக்குப் பத்தடி. எந்த அட்டவணையும் இல்லாமலே எனக்குக் கணக்கு வந்துவிட்டது. பதினெட்டு பாகை.

ஏன் இப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குன்னு தெரியாது சார். எங்க நைனா இப்டித்தான் கட்டுவாரு, அவுருக்கு முன்னாடி இருந்தவரும் இப்டித்தான்." என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த ஜோசியக்காரர் இல்ல? உங்க கூட வந்த பாய் எப்டிக் கீறாரு? அன்னிக்கி லுஹருக்கு இருந்திருந்தா அவுரே இதுல நின்னு தொய்திருப்பாரு."

ஊர் திரும்பி யூசுப் பாயிடம் சொன்னேன். "தரைக்கி டைல்ஸ் ஒட்டி, கோடும் நேராப் போட்டாச்சு சார்," என்றார். "அவர் இருந்தப்போ சொல்லியிருக்கக் கூடாதா?"

போக நினைப்பவர்களுக்கு: கட்டணங்களும் நேரங்களும் இப்போது முற்றிலும் மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், கூட்டம் அதிகம். காலையில் போகாதீர்கள், நண்பகல் தொழுகைக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி, முற்றத்தில் ஓரமாக நில்லுங்கள். சுவரை அளக்க வேண்டாம். பாய் விரிக்கும்வரை காத்திருங்கள்.

மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. அந்தக் கணக்கு பூந்தமல்லிக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரோ ஒருவர் அதை ஆணிகளாக அடித்து வைத்திருந்தார். காதர் சார் ஒரு தூணில் சாய்ந்து அவற்றுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.