கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி

என் வீட்டுக்காரரைப் பற்றிப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் காலைத்தான் சொல்வார்கள். முகமெல்லாம் அப்புறம். அது பைக் பழுதுபார்க்கும் பட்டறை. வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியையும் சொந்தக்காரரிடம் கொடுக்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது இவர் பொறுப்பு. ட்ரையல் போவது என்பார்கள். மற்றவர்கள் ட்ரையல் போனால் காதைத் தீட்டிக்கொண்டு போவார்கள். இவர் பேண்ட்டின் வலது காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு போவார்.

பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இஞ்சின் சூடு வலது கெண்டைக்காலில்தான் அதிகம் அடிக்கும். சைலன்சர் குழாய் வளைந்து இறங்குகிற பக்கம் அது. சிக்னலில் நின்றால் கால் வெந்துபோகிறது என்று ஊரே புலம்பும். தடித்த பேண்ட் போடுவார்கள், காலை அகட்டி வைப்பார்கள், குழாயின்மேல் தகடு மாட்டுவார்கள். இவர் அந்தச் சூட்டைத் தேடிப்போய் வாங்கிக்கொள்வார். ஒரு சுற்று போய்வந்து இறங்கியதும் "ஆயில் பத்தல" என்பார். இல்லையென்றால் "பெட்ரோல் கம்மியா போகுது, காத்தைத்தான் இழுக்குது" என்பார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகவும் போயிருக்கிறது, அதையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார். பட்டறையில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

எனக்குத்தான் எரிச்சல். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிறவள். அவருடைய பேண்ட் எல்லாவற்றுக்கும் வலது காலில், உள்பக்கமாக, ஜீன்ஸ் துணியை மடித்து ஒட்டுப் போட்டுக் கொடுப்பேன். ட்ரையலில் சுருட்டிவிட்டாலும், வீட்டுக்கு வரும் வழியிலாவது காலைக் காக்கட்டும் என்றுதான். அந்தக் கெண்டைக்காலில் ஒரு முடி கிடையாது, எல்லாம் கருகிப்போயிற்று. தோல் தடித்துக் கறுத்துக் கிடந்தது.

"இது காலா, செருப்பா?" என்று கேட்பேன்.

"சோறு போடுற காலு. கண்ணு வைக்காத" என்பார்.

எங்களுடையது ஒற்றை அறை வீடு. சுவரை ஒட்டிக் கட்டில், இந்தப் பக்கம் என் மெஷின். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "வண்டிய யாரு உள்ள கொண்டாந்து நிறுத்தினது?" என்றார்.

"எந்த வண்டி?"

"தள்ளி நிறுத்தச் சொல்லு. கால் சுடுது."

கனவு காண்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கண்ணைத் திறந்து அந்தச் சந்தைப் பார்த்தார். வெட்டுத்துணிக் குவியலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் சிரிக்கவில்லை. வலது காலை மெதுவாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி அடிக்கடி வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வலது பக்கம் வந்து நிற்கும். முகம் மழிக்க நின்றால் காலோடு ஒட்டி நிற்கும். முதலில் அவருக்குப் பயமே இல்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சூட்டையும் ட்ரையல் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "பழைய வண்டி. ரொம்ப தூரம் ஓடி வந்திருக்கு" என்றார். இன்னொரு நாள், "ஆயில் காஞ்சு கெடக்கு. யாரும் கவனிக்கல போல" என்றார், யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பரிதாபப்படுவதுபோல.

"உங்க ஓனரக் கூப்பிடுங்க, சர்வீஸ் பண்ணிடலாம்" என்று கேலி செய்தேன். வாய்தான் கேலி செய்தது. அவர் வேலைக்குப் போனபின் அந்தச் சந்தில் முழங்கால் உயரத்துக்குக் கையை நீட்டிப் பார்த்தேன். வெறும் காற்று. இருந்தாலும் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "இது இஞ்சின் சமாச்சாரம். டாக்டருக்கு என்ன தெரியும்?" என்பார். பைக்கோடு பிழைத்த மனுஷன், காலில் சூடு என்றால் குற்றம் பைக்கில்தான் என்று நம்பினார். தன் வண்டியின் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். குழாய்க்குத் தகடு மாட்டினார். அதற்குமேல் சூடு தாங்கும் நாடாவைச் சுற்றினார். கடைசியில் வண்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். சூடு வீட்டுக்குள்தான் இருந்தது. தண்ணீர் குடம் குடமாகக் குடித்தார். அதையும் சூட்டுக் கணக்கிலேயே சேர்த்தேன், புத்தி அவ்வளவுதான்.

பிறகு தலைமாட்டை மாற்றிப் படுத்துப் பார்த்தார். அப்படிப் படுத்தால் வலது கால் சுவர்ப் பக்கம் வரும், அங்கே வண்டி நிற்க இடமில்லை. படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"சுவத்துக்குள்ள நிக்குது" என்றார்.

தலையணையைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே போட்டேன். சுவருக்குள் நிற்பதற்குச் சந்தில் நிற்பதே தேவலை.

அந்த வாரம் பட்டறை ஓனர் வாசலில் வந்து நின்றார். என் வீட்டுக்காரரைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணி, ஸ்டார்ட்டே பண்ணாத வண்டிகிட்ட நின்னு, இஞ்சின் கொதிக்குதுங்கறாரு அண்ணன். கஸ்டமரெல்லாம் ஒருமாதிரி பாக்கறாங்க. போன வாரம் சரியா இருக்குன்னு அவர் சொன்ன வண்டி நடுவழியில ஜாம் ஆயிடுச்சு. வேற வேலை பாக்கச் சொல்ல எனக்கு வாய் வரல."

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கால் பொய் சொன்னா நான் எதை நம்பி வண்டியில ஏறுவேன்?" என்றார். அன்றுதான் அவர் குரலில் பயத்தைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது, விடிகாலைக் குழாய்த் தண்ணீர் மாதிரி.

"இப்பவும் சுடுதா?"

"கொதிக்குது. வேணும்னா தொட்டுப் பாரேன்" என்றார்.

என் கை அவர் காலின்மேல்தான் இருந்தது.

சண்டை போட்டேன். சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினேன். வருகிற லீவு நாளில் டாக்டரிடம் வருவதாக ஒத்துக்கொண்டார்.

லீவுக்கு முந்தின நாள், வெளிச்சம் இருக்கும்போதே அறையில் தீய்ந்த வாடை அடித்தது. இஸ்திரிப் பெட்டிதான் எதையோ பொசுக்கிவிட்டது என்று ஓடினேன். அது ப்ளக்கிலேயே இல்லை. திரும்பினால் வாசலில் இவர், முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. காலையிலேர்ந்து ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஆறிப்போச்சு. எல்லா ட்ரையலும் நானே போனேன். ஒரு வண்டியும் சுடல."

எத்தனை நாள் கழித்து அப்படிச் சிரிக்கிறார். ஆனால் வாடை அவரோடு உள்ளே வந்தது. குனிந்து பார்த்தேன். நான் போட்ட ஒட்டு, மடிப்பு மடிப்பாகத் தைத்தது, நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. சூடு தெரியாததால் காலை நன்றாகக் குழாயோடு அணைத்தே வீடுவரைக்கும் ஓட்டி வந்திருக்கிறார். துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தத் தகடும் நாடாவும் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதான் ஆறிடுச்சே, எதுக்குன்னு காலையிலேயே கழட்டிட்டேன். ஏன், என்ன?" என்றார்.

சர்க்கரை என்றார் டாக்டரம்மா. பல வருஷமாக இருந்திருக்கிறது. நரம்பு சாகும்போது எரியும், செத்தபின் எரியாது என்று பொறுமையாக விளக்கினார். அந்தச் சூடு போகவேண்டும் என்று நான் வேண்டாத நாளில்லை. கால் கூப்பிட்டதைத்தான் பேய் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். புண்ணை ஆற்றப் பார்த்தார்கள், ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பட்ட காலிலேயே படும் என்பார்கள். இனிமேல் படுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. ஓனர் வந்து, உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது அண்ணே என்றார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். தெர்மாமீட்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரு மத்தியானம் அவர் சுவரைப் பார்த்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவசரமாக ஒரு சட்டையை இஸ்திரி போட வேண்டியிருந்தது, மேஜை முழுக்கத் துணி. கட்டிலின் கால்மாட்டில் வலது கால் இருந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று போர்வையை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தேன். பெட்டி ஓரத்துக்கு வந்ததும் அவர் தொடை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

"சுடுது. தள்ளி நிறுத்து" என்றார், தூக்கத்திலேயே.

பெட்டியைத் தூக்கிவிட்டேன். தொடை மெல்லத் தளர்ந்தது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். ப்ளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறியபின் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அசையவில்லை. மறுபடி சூடாக்கி, சத்தம் காட்டாமல், வெற்றுப் போர்வைக்கு மேலே பிடித்தேன். தொடை சுருங்கியது.

இதை டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, போர்வையை மடித்து, அந்த இடத்தைக் கையால் தடவி நேராக்கினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுகையோடு ஒரு சந்தோஷமும் வந்தது. சூடு தெரிகிறதே, அது போதும்.

சாயங்காலம் எழுந்ததும் அவரே சொன்னார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"அந்த வண்டி திரும்ப வந்திருக்கும்மா."

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். முன்னெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் கண்ணை மூடி, ட்ரையல் முடிந்து இறங்கினவர் மாதிரி கொஞ்சம் யோசித்தார்.

"நல்லா இருக்கு. ஆயிலெல்லாம் மாத்தியிருக்காங்க."

நான் டீ போட எழுந்தேன். கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே, குழாயில் பட்டுவிடாமல், உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போனேன்.