ஓக் மரத்துப் பக்கம் போன சிப்பாய்

எங்கள் மாப்பிள்ளை மயில்சாமி ஒரு சக்கரவர்த்தியின் படையில் சேவகம் செய்தவர். எங்கள் ஊர் கோபியில் இதை நான் சொல்லாத வீடில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். படையில் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் பல் டாக்டர். சக்கரவர்த்தியைச் சுட்டுக் கொன்று நூற்று நாற்பது வருஷம் ஆகியிருந்தது. துப்பாக்கி மரத்தில் செய்தது. மீசை மட்டும் நிஜம்.

அந்த மீசையால்தான் எல்லாம் வந்தது. 2007-இல் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் மகள் தனபாக்கியத்தின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர், வீட்டில் யாரையும் தப்புச் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சே குறைவு.

அவருடைய ஆபீஸ்காரர் வால்டர். அவரது கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஆஸ்திரியாவிலிருந்து மெக்ஸிகோவுக்குக் கப்பலேறிய சிப்பாயாம். ஐரோப்பாவிலிருந்து ஒரு இளவரசரைக் கொண்டுவந்து மெக்ஸிகோவில் சக்கரவர்த்தியாக உட்காரவைத்தார்கள். அவருக்காகச் சண்டை போட ஆஸ்திரியாவிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஆட்கள் தாங்களாகவே பேர் கொடுத்து வந்தார்கள். சக்கரவர்த்தியின் காலம் முடிகிற சமயத்தில் படையைக் கலைத்து, ஊருக்குப் போகிறவர்கள் போகலாம் என்றார்கள். வால்டரின் முன்னோர் போகவில்லை. எப்படியோ டெக்ஸஸ் வந்து சேர்ந்தார். அவர்கள் ஊரில் வருஷா வருஷம் இதை நடித்துக் காட்டுவார்கள். அந்த வருஷம் ஆள் குறைந்தது. வால்டர் மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்தார். முடிந்தது.

மாப்பிள்ளை வால்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: அந்தச் சிப்பாய்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்? ஆறு வருஷம் என்றுதான் எழுதி வாங்கினார்கள் என்றார் வால்டர். மாப்பிள்ளை தன் அப்பாவிடம் இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தவர். ஒன்பது ஆகியிருந்தது.

அதே சமயம் கோயம்புத்தூரில் கம்பெனி நடத்தும் அவருடைய கல்லூரிச் சிநேகிதர் கிட்டுசாமி, திரும்பி வந்தால் டெஸ்டிங் பிரிவையே ஒப்படைக்கிறேன் என்று கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். என் ஆசை எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமா? கோபியில் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, கிட்டுசாமி அண்ணனுக்கு என்ன சொல்லப்போறீங்க?”

“நீ சொல்லு தனம்.”

“நீங்க சொல்றதுதானுங்க எனக்கும்.”

“அப்படியில்ல, உனக்கு எது புடிக்குதோ…”

“நல்லா மாத்தி மாத்திச் சொல்லீட்டே இருங்க. அதுக்குள்ள கிட்டுசாமிக்கு சஷ்டியப்த பூர்த்தியே வந்துரும்” என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பதில் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை தொளதொளவென்று சிவப்புக் கால்சட்டையும் இரவல் பூட்ஸும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்கிறவங்க மாதிரியே இருக்கீங்க” என்றாள் தனம்.

பேத்தி ரோஷினி காலைத்தான் பார்த்தாள். “அப்பா, யூ கான்ட் டிரைவ் இன் தோஸ் பூட்ஸ்!”

உண்மைதான். அந்த பூட்ஸுக்குள் காலுக்கு பிரேக் எது என்றே தெரியாது. தனம் சாவியை எடுத்தாள். அவள் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான். லேன் மாறும்போதெல்லாம் “போகட்டுங்களா? போகட்டுங்களா?” என்று புருஷனைக் கேட்டு, அவர் “போ” என்ற பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவாள். அன்றைக்கு வண்டிகள் பறக்கும் ஃப்ரீவேயில் ஏறும் இடம் வந்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஈஸ்வரனைக் கூப்பிட்டேன். திறந்தபோது நடு லேனில் போய்க்கொண்டிருந்தோம். ஏதோ பாட்டை முனகியபடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் இறங்கியதும் வால்டர், இந்தக் காலத்துக் கண்ணாடி ஆகாது என்று மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அதைத் தனம் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

படை நடந்தது, சுட்டது, தோற்றது. கடைசிக் காட்சியில் தளபதி வேஷக்காரர் உத்தரவை வாசித்தார்: ஊர் திரும்புகிறவர்கள் கப்பலுக்கு, தங்குகிறவர்கள் மரத்தடிக்கு. கப்பல் என்பது வெள்ளைத் துணியைப் பாயாகக் கட்டிய ஒரு லாரி. எதிர்ப்பக்கம் ஓக் மரம். ஒத்திகையில் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தது கப்பல். வரிசை பிரிந்தது. மாப்பிள்ளை கொஞ்சநேரம் நடுவில் நின்றார். பிறகு விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய் வால்டர் பக்கத்தில் நின்றுகொண்டார். லாரியிலிருந்த பல் டாக்டர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டும் பயனில்லை.

“என்னங்க, அந்தப் பக்கம் போயிட்டீங்க?” என்று காட்சி முடிந்ததும் தனம் கேட்டாள்.

“கண்ணாடி இல்லையே தனம். ஒண்ணும் தெரியல.”

தனம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சரி, போனது போனீங்க. அங்கியே இருந்துக்கலாமுங்க” என்றாள்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை கிட்டுசாமிக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார். எங்கள் மாடி அறை இன்றும் வெள்ளை மாறாமல் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த மனிதர்கள் எங்கே வேர் விடுகிறார்கள் என்பதைப் பற்றி எவ்வளவோ யோசிக்கலாம். எங்கள் வீட்டில் அதை ஒரு மூக்குக்கண்ணாடி முடிவு செய்தது.

இந்தத் தடவை ஹூஸ்டன் வந்திருக்கையில் இதை எழுதி, இத்தோடு முடித்து, இவர்களுடைய தமிழ்ச் சங்க மலருக்கு அனுப்புவதற்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்குதுங்க அத்தை. ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்புங்க” என்றார்.

தனம் நிமிர்ந்து பார்த்தாள்.

“வீடு ஒசரத்துக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. அது தெரியாம போகுமுங்களா? லாரி நல்லாவே தெரிஞ்சுதுங்க. இங்கியே இருக்கறதுன்னு நான் முடிவு பண்ணுனது மைதானத்துல இல்லீங்க, வழியில கார்லயே. ஃப்ரீவேல ஏர்றப்ப தனம் ‘போகட்டுங்களா’ன்னு என்னையக் கேக்கவே இல்லீங்க.”